இலை கொட்டிய பிறகு: பட்டையை வைத்து மரம் பழகிய ஒரு குளிர்காலம்

நவம்பர் கடைசியில், லண்டன் ஓரத்தில் இருக்கும் எப்பிங் காட்டில் இலை பெரும்பாலும் தரைக்கு வந்துவிட்டது. கோடை முழுக்க இலையைப் பார்த்துப் பெயர் சொல்லிப் பழகியிருந்தோம், நானும் என் பத்து வயது மகளும். அன்றைக்குச் சிங்ஃபோர்ட் ஸ்டேஷனில் இறங்கி உள்ளே நடந்தால் ஒரு மரமும் பிடிபடவில்லை. எங்கே பார்த்தாலும் சாம்பல் நிறத் தூண்கள். "எல்லாம் ஒரே மரம் மாதிரி இருக்குப்பா" என்றாள். ஊரில் என் பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தே இது வேம்பு, இது புளி என்று சொல்லிவிடுவார். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தைக்கூட இலை இல்லாமல் எனக்குத் தெரியவில்லை. அது மனதை உறுத்தியது.

வீட்டுக்கு வந்து ஒரு திட்டம் போட்டோம். மார்ச்சில் துளிர் வருவதற்குள், இங்கே சாதாரணமாகத் தென்படும் பன்னிரண்டு மரங்களைப் பட்டையை வைத்து மட்டும் அடையாளம் சொல்லக் கற்றுக்கொள்வது. படம் எடுத்தால் ஃபோனிலேயே கிடந்துவிடும். அதனால் ஒவ்வொரு மரத்துக்கும் தாளில் ஓர் அச்சு எடுத்து நோட்டில் ஒட்டுவது என்று முடிவு செய்தோம். சின்ன வயதில் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதே வேலைதான்.

முதல் நாள் எடுத்துப்போனது பிரிண்டர் தாள், மெழுகுக் கிரையான், ஒட்டுவதற்கு மாஸ்கிங் டேப். மூன்றுமே சரிப்படவில்லை. குளிர்காலத்தில் இங்கே பட்டை பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும், டேப் ஒட்டவே ஒட்டாது. பிரிண்டர் தாள் ஓக் மரத்தின் மேடுகளில் பட்டதும் கிழிந்தது. கிரையான் குளிரில் கல்லாக இறுகி, தாளில் மெல்லிய கோடாகத்தான் விழுந்தது.

இரண்டாம் முறை எல்லாவற்றையும் மாற்றினோம். சுவருக்கு வால்பேப்பருக்கு அடியில் ஒட்டும் லைனிங் பேப்பர் ஒரு சுருள் வாங்கினேன். மலிவு, லேசில் கிழியாது, மேடு பள்ளத்துக்கு வளைந்தும் கொடுக்கும். டேப்புக்குப் பதில் பழைய சைக்கிள் டியூபை நீளவாட்டில் வெட்டி, அடிமரத்தைச் சுற்றி மேலும் கீழும் இழுத்துக் கட்டினோம். பெரிய மரங்களுக்குச் சணல் கயிறு. கிரையானின் மேல்தாளை உரித்துவிட்டு, உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டோம். நுனியால் கிறுக்கக் கூடாது. கிரையானைப் படுக்க வைத்து, ஒரே திசையில், மேலிருந்து கீழாக லேசாக இழுக்க வேண்டும். இரண்டு மூன்று தடவை போனால் உருவம் தானாக எழும்பி வரும். மழை பெய்து இரண்டு நாளாவது காய்ந்த பிறகு போனால் வேலை சுலபம்.

அச்செடுக்கும் உயரத்தை 1.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டோம். இந்த நாட்டில் மரத்தின் சுற்றளவைப் பலரும் அளக்கும் உயரம் அதுதான். தையல் டேப்பால் சுற்றளவையும் அளந்து அச்சின் ஓரத்தில் எழுதினோம். முதலில் அதைச் சும்மா ஓர் ஆர்வத்தில்தான் எழுதினேன். கடைசியில் நோட்டிலேயே பயனுள்ள தகவல் அதுவாகத்தான் ஆனது.

முதலில் பிடிபட்டது சில்வர் பர்ச். வெள்ளைப் பட்டை, அதில் கிடைவாக்கில் சின்னச் சின்னக் கோடுகள், அடிமரத்தில் கருப்பாக வைர வடிவ வெடிப்புகள். உள்ளங்கையைத் தேய்த்தால் சுண்ணாம்பு போல வெள்ளைப் பொடி ஒட்டும். பெட்டுலின் என்ற பொருள்தான் அந்த வெள்ளைக்குக் காரணம். தாள் தாளாக உரிந்து தொங்குவதைப் பார்த்தால் இழுக்கத்தான் கை போகும். இழுக்கக் கூடாது, உயிருள்ள பட்டையும் சேர்ந்து வந்துவிடும் என்று மகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அந்தத் தெம்பில் அடுத்த வாரமே பெரிய தப்பு ஒன்று செய்தோம். ஒரு திறந்த வெளியின் ஓரத்தில், கை மொத்தத்தில் ஓர் இளமரம். பளபளப்பான செம்பழுப்புப் பட்டை, கிடைவாக்கில் கோடுகள். காட்டுச் செர்ரிக்குப் புத்தகத்தில் போட்டிருக்கும் லட்சணம் அத்தனையும் இருந்தது. அச்செடுத்து, "செர்ரி, சுற்றளவு 21 செ.மீ." என்று எழுதியும் விட்டோம். கிளம்பும்போது மகள் அண்ணாந்து பார்த்து, "செர்ரியில இப்படிப் புழு மாதிரி தொங்குமாப்பா?" என்று கேட்டாள். மயிரிழை போன்ற மெல்லிய கிளைகள், நுனியில் பூங்கொத்து மொட்டுகள். பர்ச்! பர்ச் சின்ன வயதில் வெள்ளையாகவே இருக்காது. செம்பழுப்பாக இருந்து, வளர வளரத்தான் வெளுக்கும். செர்ரியாக இருந்தால் குட்டையான முண்டுக் கிளைகளில் மொட்டுகள் கொத்தாக உட்கார்ந்திருக்கும்.

அன்றைக்குத்தான் இந்த வேலையின் அடிப்படை புரிந்தது. மரம் ஒன்றுக்குப் பட்டை ஒன்று என்று கணக்கில்லை. வயதுக்கு ஒரு பட்டை. புத்தகங்களில் வருவது பெரும்பாலும் நடுத்தர வயது மரத்தின் படம். ஓக்கின் இளமரமும் வழவழவென்றுதான் இருக்கும். ஆஷ் மரமும் பத்துப் பதினைந்து வருடத்துக்கு ஒரு வரிகூட இல்லாமல் நிற்கும். நாங்கள் எழுதிவைத்த சுற்றளவு இங்கேதான் கைகொடுத்தது. அச்சுகளை மரவாரியாக ஒட்டியிருந்ததைப் பிரித்து, ஒவ்வொரு மரத்துக்கும் இளசு, நடு, முதிர்ந்தது என்று மூன்று அச்சு இருக்கும்படி நோட்டையே மாற்றிக் கட்டினோம். வேலை மூன்று மடங்கானது. ஆனால் மரம் ஒவ்வொன்றும் எப்படி மூப்படைகிறது என்பதை ஒரே பக்கத்தில் பார்க்க முடிந்தது.

ஏன் இப்படி மாறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். மரம் உள்ளேயிருந்து பருக்கிறது. வெளியே இருக்கும் பட்டை செத்த தக்கைத் திசு, தானாக வளராது. உள்ளே இடுப்பு பெருத்துக்கொண்டே போனால் மேல்சட்டை என்ன ஆகும்? ஒன்று கிழியும், அல்லது உரியும், அல்லது கூடவே விரிந்து கொடுக்கும். ஓக்கில் பழைய தக்கைக்கு அடியில் புதிய தக்கை அடுக்கு உருவாகும். பழசு கீழே விழாமல் ஒட்டிக்கொண்டே வெடிக்கும், அதனால்தான் அந்த ஆழமான பிளவுகள். லண்டன் பிளேன் மரத்தில் புதிய அடுக்கு சின்னச் சின்னக் கிண்ணம் போல வளைந்து உருவாவதால், பட்டை சில்லு சில்லாக உதிரும். கொய்யா மரத்தில் உரிகிற மாதிரிதான், திட்டு இன்னும் பெரியது: பாசிப் பச்சை, மஞ்சள் வெண்மை, பழுப்பு என்று ராணுவச் சட்டை போல இருக்கும். பீச் (beech) மரம் மட்டும் முதலில் உருவான தக்கை அடுக்கையே ஆயுள் முழுக்க வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அதை விரிக்கும். இருநூறு வயது பீச்சும் வழவழப்பாக நிற்பது அதனால்தான்.

பீச் மரங்களுக்காக, எப்பிங் காட்டுக்குள்ளேயே இருக்கும் ஹை பீச் என்ற ஊர்ப் பக்கம் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனோம். யானைக் கால் போன்ற சாம்பல் நிற அடிமரம். பழைய கிளை விழுந்த இடங்களில் தொங்கு மீசை போல ஒரு வளைவு, நடுவில் கண் மாதிரி ஒரு வடு. மழை நேரத்தில் பார்த்தால் கிளைகள் வழியாக இறங்கும் தண்ணீர் அடிமரத்தில் கருப்புக் கோடுகளாக வழியும். நிறத்தை நம்பக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. காலையில் வெள்ளியாக இருந்த மரம் மதியம் மழையில் கருங்கல் போல இருந்தது.

ஒரு பீச்சில் யாரோ கத்தியால் பெயரெழுத்துகளும் 1962 என்ற வருடமும் செதுக்கியிருந்தார்கள். செதுக்கியது தப்புதான், பார்க்க வருத்தமாகவும் இருந்தது. இருந்தாலும் அதன் மேல் தாளை வைத்து அச்செடுத்தோம். '9'-இன் வட்டம் வட்டமாக இல்லை, பக்கவாட்டில் இழுத்த ரப்பர் போல அகன்று கிடந்தது. அடிமரம் பருக்குமே தவிர உயரத்தில் நீளாது. நீளுவதெல்லாம் நுனியில்தான். எழுத்தின் உயரம் அன்றைக்கு இருந்தபடியே இருக்க, அகலம் மட்டும் அறுபது வருடமாக விரிந்துகொண்டே வந்திருக்கிறது. பட்டை விரிகிறது என்று நான் பத்து நிமிடம் விளக்கியதை மகள் அந்த ஒரு '9'-இல் புரிந்துகொண்டாள்.

பீச்சுக்கும் ஹார்ன்பீமுக்கும்தான் அதிகம் தடுமாறினோம். இரண்டும் சாம்பல் நிறம், இரண்டும் வழவழப்பு, தாளில் எடுத்தால் இரண்டும் கிட்டத்தட்ட வெறும் தாளாகவே வரும். நோட்டில் ஆறு பக்கம் இப்படி வீணானது. தீர்வு அச்சில் இல்லை, கயிற்றில் இருந்தது. தாளைக் கட்டக் கயிற்றைச் சுற்றும்போது, பீச்சில் கயிறு பட்டையோடு ஒட்டிப் படிந்தது. ஹார்ன்பீமில் நடுநடுவே கயிறு அந்தரத்தில் நின்றது, அடியில் விரல் நுழையும் அளவுக்குச் சந்து. ஹார்ன்பீமின் அடிமரம் உருளையாக இருக்காது. உழைத்த கையின் தசை நரம்பு போல நெடுக்குவாட்டில் மேடும் பள்ளமுமாக முறுக்கி ஓடும். அதன் மேல் வெளிறிய வரிகளும் இருக்கும். அதற்கப்புறம் நாங்கள் தடுமாறவே இல்லை. சந்தேகம் வந்தால் மொட்டைப் பார்ப்போம்: பீச் மொட்டு நீளமாக, ஊசியாக, கிளையிலிருந்து விலகி நிற்கும். ஹார்ன்பீமில் கிளையோடு ஒட்டிப் படுத்திருக்கும்.

காட்டோரத்து ஊர்களான சிங்ஃபோர்ட், லவ்டன் பக்கம் ஹார்ன்பீம்கள் ஒரு விதமாக இருப்பதையும் கவனித்தோம். ஆள் உயரத்துக்கு மேல் வரை ஒரே குட்டைத் தூண், அங்கிருந்து திடீரென்று ஏழெட்டுப் பெரிய கிளைகள் மேலே கிளம்பும். சுற்றுவட்டார மக்கள் தலைமுறை தலைமுறையாக விறகுக்கு அந்த உயரத்தில் வெட்டி வந்ததன் தழும்பு அது. கீழே வெட்டினால் துளிரை மாடும் மானும் மேய்ந்துவிடும். 1878-இல் எப்பிங் காட்டுக்கென்று தனிச் சட்டம் வந்து காடு பொதுமக்களுக்கென்று காப்பாற்றப்பட்டபோது, விறகு வெட்டும் உரிமை முடிவுக்கு வந்தது. அதற்கு ஈடாகக் கிடைத்த பணத்தில் லவ்டனில் கட்டிய லாப்பிங் ஹால் என்ற பொதுமண்டபம் இன்றும் இருக்கிறது. வெட்டுவது நின்றதால் கிளைகள் மரமளவுக்குப் பருத்துவிட்டன. அந்த முண்டில் கை வைத்தால் வெட்டிய இடத்தைப் பட்டை சுருட்டி மூடியிருப்பது தெரியும். அந்த இடத்தில் மட்டும் ஹார்ன்பீம் பட்டை சொரசொரப்பாக, முடிச்சு முடிச்சாக இருக்கும். அங்கே அச்செடுத்துவிட்டு மரத்தின் பெயரை முடிவு செய்யாதீர்கள்.

ஸ்வீட் செஸ்ட்நட் மரத்துக்கு லண்டனின் கிரீனிச் பூங்காவுக்குப் போனோம். அங்கே 1660-களில், மன்னர் இரண்டாம் சார்லஸ் காலத்தில் நட்டவை இன்னும் சில நிற்கின்றன. பிளவுகள் நேராக ஓடாமல் மரத்தைச் சுற்றித் திருகி ஏறும், பிழிந்த துணி போல. ஓக்கிலும் ஆழமான பிளவுதான், ஆனால் மேடுகள் குட்டை குட்டையாக உடைந்து கட்டிகளாக நிற்கும். செஸ்ட்நட்டில் ஒரு மேட்டில் விரலை வைத்தால் கை எட்டும் வரை அறுபடாமல் போகும். இளம் செஸ்ட்நட்டில் இந்தத் திருகல் இருக்காது, அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சைக்கமோரும் வயதானால் செதில் செதிலாகப் பெயரும், அடியில் லேசான ஆரஞ்சு கலந்த நிறம். ஸ்காட்ஸ் பைனுக்குக் கஷ்டமே இல்லை: அண்ணாந்து பார்த்தால் மேல்பாதி செங்கல் பொடி பூசியது போல இருக்கும். யூ மரம் சிவந்த பழுப்பில் நார் நாராக உரியும், பழைய தேவாலய வளாகங்களில் பார்க்கலாம். இலை, விதை எல்லாம் விஷம், தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் சாண்ட்விச்சை எடுத்தோம்.

ஜனவரியில் வேறொரு குறை தெரிந்தது. ஓக், ஆஷ் போன்ற ஆழமான பட்டைகளில் தாள் மேட்டை மட்டும்தான் காட்டுகிறது, பள்ளம் எவ்வளவு ஆழம் என்று தெரிவதில்லை. மகள் பள்ளியில் பிளாஸ்டிசின் களிமண்ணில் இலை அச்செடுத்திருந்தாள். அதையே பட்டைக்குச் செய்யலாமே என்றாள்.

கையளவுக் களிமண்ணை ஒரு விரல் மொத்தத்துக்குத் தட்டி, கோட்டுக்குள் வைத்துச் சூடாகக் கொண்டுபோனோம். முதல் ஓக்கில் பலமாக அழுத்திவிட்டேன். வெடிப்புக்குள் போன களிமண் அங்கேயே சிக்கி, எடுக்கும்போது பிய்ந்துவிட்டது. குச்சியை வைத்துத் துளித் துளியாகச் சுத்தம் செய்ய அரை மணி நேரம் ஆனது. சில பிளவுகள் வாயைவிட உள்ளே அகலமாக இருக்கும், அதுதான் காரணம். அடுத்த முறை களிமண்ணின் முகத்தில் டால்கம் பவுடர் தூவி, உள்ளங்கையால் ஒரே சீராக, பாதி ஆழத்துக்கு மட்டும் அழுத்தினேன். ஓரத்திலிருந்து மெதுவாகச் சுருட்டி எடுத்தால் முழுசாக வந்தது.

வீட்டில் அதை ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் வைத்து, ஓரங்களைக் களிமண்ணால் அடைத்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றினோம். ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு பொடி. தண்ணீரில்தான் பொடியைத் தூவ வேண்டும். பொடியில் தண்ணீரை ஊற்றினால் கட்டி தட்டும். முதல் அச்சில் காற்றுக் குமிழ் விழுந்து பட்டையெங்கும் அம்மைத் தழும்பு போல ஆகிவிட்டது. பிறகு முதல் பூச்சை மட்டும் பழைய பிரஷ்ஷால் மெல்லியதாகத் தடவி, அப்புறம் மீதியை ஊற்றி, டப்பாவை மேஜையில் லேசாகத் தட்டினோம். ஒரு மணி நேரம் தொடாமல் விட்டுக் களிமண்ணைப் பிரித்தால், ஓக் பட்டை கையில் இருந்தது. கடைசியில் கெட்டியான டீ டிகாஷனை மேலே பூசித் துடைத்தோம். பள்ளத்தில் நிறம் தங்கி, மேடு வெளுத்து, அச்சு அசல் மரமாக ஆகிவிட்டது. மீந்த பிளாஸ்டரை மட்டும் சிங்க்கில் ஊற்றிவிடாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். காய விட்டுக் குப்பையில் போடுங்கள்.

இப்படி எடுத்த அச்சுகளில் எனக்கு நெருக்கமானது ஆஷ். எங்கள் தெருவுக்குப் பின்னால் ரயில்பாதையை ஒட்டிய நடைபாதையில் ஒரு மரம், சுற்றளவு 168 செ.மீ. ஆஷ் பட்டையில் மேடுகள் ஒன்றோடொன்று பின்னி, கயிற்று வலை போல வைர வைரமாகக் கண்ணி விடும். மொட்டு கரியில் தோய்த்தது போல மைக்கருப்பு, இந்த ஊரில் வேறெந்த மரத்தோடும் குழம்பாது. இந்த நாட்டில் 2012-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஒரு பூஞ்சை நோய், இலை வழியாக நுழைந்து கிளைக்கும் தண்டுக்கும் இறங்கி, ஆஷ் மரங்களைக் கொன்றுகொண்டிருக்கிறது. கிளை பிரியும் இடத்தில் பட்டையில் கருத்த வைர வடிவப் புண் தெரிந்தால் அதுதான். எங்கள் மரத்தில் அப்படி இரண்டு புண்கள் இருந்தன. நாங்கள் களிமண் அச்சு எடுத்து மூன்று வாரம் கழித்து, வெட்டுவதற்கு அடையாளமாக அடிமரத்தில் ஆரஞ்சுப் பெயின்டால் ஒரு புள்ளி வைத்திருந்தார்கள். நோய் பிடித்த ஆஷ் மளுக்கென்று முறியும், பாதையோரத்தில் விட்டுவைக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. அடுத்த சனிக்கிழமை போனபோது வட்டமான அடிக்கட்டை மட்டும் இருந்தது. மகள் உட்கார்ந்து வளையங்களை எண்ணினாள், நாற்பத்தேழு வரை வந்தது. அந்த மரத்தின் பட்டை எங்கள் சன்னலோரத்தில், ஐஸ்கிரீம் டப்பா அளவுக்கு இருக்கிறது.

மார்ச் இரண்டாம் ஞாயிறு தேர்வு வைத்துக்கொண்டோம். சிங்ஃபோர்டில் மறுபடியும் அதே பாதை. மஃப்ளரால் கண்ணைக் கட்டி, ஒருவரை ஒருவர் மரத்திடம் கூட்டிக்கொண்டு போக வேண்டும், கை மட்டும்தான் உதவி. நான் ஏழில் ஐந்து சொன்னேன். ஒரு ஹாலியைப் பீச் என்றேன். ஹாலிக்கும் சாம்பல் நிற வழவழப்புதான், ஆனால் அங்கங்கே சின்ன மரு போல முண்டு தட்டும், அதைக் கவனிக்கவில்லை. இளம் ஓக் ஒன்றையும் விட்டேன். மகள் ஏழில் ஆறு. ஹார்ன்பீமை அவள் உள்ளங்கையால் தடவவே இல்லை. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, "இது வளைஞ்சு வளைஞ்சு போகுதுப்பா, ஹார்ன்பீம்" என்றாள்.

நோட்டில் ஒரு பக்கத்தில் மட்டும் இன்னும் இடம் காலி. எல்ம். 1970-களில் வண்டு கொண்டுவந்த பூஞ்சையால் இந்த நாட்டின் பெரிய எல்ம் மரங்கள் ஏறக்குறைய எல்லாமே போய்விட்டன. வேலியோரங்களில் வேரிலிருந்து இன்றும் துளிர்க்கும், ஆனால் வண்டு முட்டையிடும் அளவுக்குப் பட்டை தடித்ததும் மறுபடியும் நோய் வந்துவிடும். அதனால் இளம் எல்ம் அச்சு மட்டும் கிடைத்தது, முதிர்ந்த பட்டை எங்கள் சுற்றுவட்டாரத்தில் எங்கேயும் இல்லை. தெற்குக் கடற்கரை நகரமான பிரைட்டனில் விடாமல் பாதுகாத்துப் பெரிய எல்ம் மரங்களை இன்னும் வைத்திருக்கிறார்கள். ஈஸ்டர் விடுமுறையில் ரயிலில் போகிறோம். லைனிங் பேப்பர் இன்னும் பாதிச் சுருள் மீதி இருக்கிறது.